சான்றும் சந்தாவும்

ஷீன், அலிஃப், ஹா, தால் என்னும் நான்கு எழுத்துகளை எழுதி உயிர்க்குறி இடாமல் விட்டுவிட்டால், அரபு கற்றவர் அதை இருவகையாகப் படிப்பார். ஒன்று, ‘ஷஹித’ என்னும் வினையினின்று பிறந்த இஸ்ம் ஃபாயில். ‘சான்று பகர்பவன்’ என்பது பொருள். மற்றொன்று, முஃபாஅலா வாய்பாட்டில் அமைந்த ‘ஷாஹத’ என்னும் வினையின் ஏவல்; ‘பார்’ என்பது பொருள். பெயராயின் ஈற்றில் தன்வீன் வரும். ஏவலாயின் ஸுகூன் வரும். நிறுத்தி ஒலித்தால் அந்த வேறுபாடும் மறைந்து, சாட்சியும் ஏவலும் ஒரே ஓசையாகிவிடும். அரபுலகத்தின் பெருந்தொலைக்காட்சி நிறுவனமாகிய எம்.பி.சி. தன் இணையவழிச் சந்தா ஒளிபரப்புக்கு இந்தச் சொல்லையே பெயராகச் சூட்டியிருக்கிறது: ‘ஷாஹித்’. அவர்கள் கருதியது ஏவலாக இருக்கலாம். நமக்கோ மற்றைப் பொருளே முந்தி நிற்கிறது. நஹ்வு நூல்களில் ஓர் இலக்கண விதியை நிலைநாட்ட எடுத்துக்காட்டப்படும் பழம்பாட்டுக்கும் ஷாஹித் என்றுதான் பெயர். ஓர் அறிவிப்பை வேறொரு ஸஹாபியின் அறிவிப்பு வலுப்படுத்துமாயின் அதனையும் ஹதீஸ் கலை வல்லார் ஷாஹித் என்பர். சூரா புரூஜின் தொடக்கச் சத்தியங்களுள்ளும் இச்சொல் உண்டு. இத்துணை பாரம் சுமந்த ஒரு சொல்லைப் பெயராகப் பூண்ட ஒன்று, அதைச் சுமக்கிறதா என்று பார்ப்பது குற்றமாகாது.

1991-இல் இலண்டனில் தோன்றி, 2002-இல் துபாய்க்குப் பெயர்ந்து, 2022-இல் ரியாதைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் எம்.பி.சி. வானத்துத் துணைக்கோளிலிருந்து வந்ததைக் கட்டணமின்றி யாவரும் பெறலாம் என்பதே அது பரவிய வழி. மொரோக்கோ முதல் ஓமன் வரை வீட்டுக்கூரைதோறும் கவிழ்ந்த குடைபோல் நின்ற வட்டில்களே அதன் சந்தை. 2020 ஜனவரியில் ‘ஷாஹித்’ புதுக்கோலம் பூண்டு, மாதச் சந்தா செலுத்துவோர்க்குத் தனிப்பகுதி ஒன்றைத் திறந்தது. விளம்பரத்தோடு இலவசமாகக் காண்பன சில, பணம் தந்தால் மட்டுமே காண்பன பல, விளையாட்டுக்கு அதற்கும் மேல் ஒரு தட்டு என்று அவ்வீட்டுக்கு மூன்று வாயில்கள் அமைந்தன.

மதரஸாத் திண்ணையில் கிதாபு விரித்து அமர்ந்திருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார் கேட்கலாம். நம் வேலை மொழி. ஆண்டுக்கணக்கில் ஸர்ஃபும் நஹ்வும் பயின்று, அல்ஃபிய்யாவை மனனம் செய்து, இப்னு அகீலின் விரிவுரையை வரிவரியாகக் கடந்து வெளியேறும் நம் மாணவர், வளைகுடாவில் விமானத்தை விட்டிறங்கியவுடன் காரோட்டி சொல்வது விளங்காமல் திகைக்கிறார். இந்த வெட்கம் நம்முள் பலருக்கு நேர்ந்ததுதான். எழுதும் அரபு ஒன்று, பேசும் அரபு பல. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள பள்ளத்தில் ஒரு காலத்தில் பாலமாக நின்றது தொலைக்காட்சி. அந்தப் பாலம் இன்று எந்நிலையில் உள்ளது என்பதே நம் கவலை.

பழைய கதையைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1979-இல் குவைத்திலிருந்து வளைகுடா நாடுகள் கூட்டாக உருவாக்கிய ‘இஃப்தஹ் யா ஸிம்ஸிம்’ என்னும் குழந்தைகள் நிகழ்ச்சி, எளிய ஃபுஸ்ஹாவில் பேசிற்று. பக்தாதுக் குழந்தைக்கும் பஹ்ரைன் குழந்தைக்கும் ஒரே மொழி. 1990-இல் குவைத்தின் மீது ஈராக் படையெடுத்தபோது அந்நிகழ்ச்சி நின்றது. அக்காலத்தை ஒட்டி லெபனானில் மெக்சிகோ நாட்டுக் குடும்பக் கதைத்தொடர்களை ஃபுஸ்ஹாவில் குரல்மாற்றி வெளியிட்டார்கள். ஒரு மெக்சிகோச் சீமாட்டி தன் காதலனை நோக்கி இஃராபு பிறழாமல் ஊடுவதைக் கேட்டுச் சிரித்தவர் உண்டு. சிரித்துக்கொண்டே இலக்கணம் கற்றவரும் உண்டு. பின்னர் 2008-இல் ‘நூர்’ என்னும் துருக்கித் தொடரை எம்.பி.சி. ஒளிபரப்பியபோது, குரல்மாற்றம் டமாஸ்கஸ் பேச்சுவழக்கில் அமைந்தது. அரபுலகத்தையே அது ஆட்கொண்டது. அன்றோடு குடும்பக் கதைக்கும் ஃபுஸ்ஹாவுக்கும் இருந்த உறவு ஏறத்தாழ முறிந்தது என்பது நம் கணிப்பு. இன்று ‘ஷாஹித்’ தன் சந்தாதாரர்க்கெனத் தயாரிக்கும் பெருந்தொடர்களை எடுத்துக்கொள்க. ‘ஸ்டிலெட்டோ’, ‘அஸ்ஸமன்’ முதலானவை துருக்கிக் கதைகளையே அரபு நடிகரைக் கொண்டு மறுபடியும் எடுத்தவை. பேச்சு சிரியாவும் லெபனானும் கலந்த வழக்கு. ஊர் எந்த ஊர் என்று சொல்லத் தெரியாத ஓர் ஊர். தொண்ணூறு பகுதிகள் பார்த்து முடித்தவர்க்கும் அந்த மாந்தர் எந்தத் தெருவில் ரொட்டி வாங்கினார்கள் என்பது தெரியாது. வழக்குமொழி எழுத்தை நாம் இகழவில்லை. கெய்ரோவின் சந்தையும் டமாஸ்கஸின் முற்றமும் அந்தந்த மண்ணின் சொல்லில் வந்தபோது அவை இலக்கியமாகவே இருந்தன. மண் இல்லாத வழக்குமொழிதான் நமக்கு உவப்பாக இல்லை.

ஆகவே செந்தரமான அரபு, திரையில் ஒதுங்கிய இடம் ஒன்றே ஒன்று: வரலாற்றுத் தொடர். ஃபுஸ்ஹாவுக்கு வாள், ஒட்டகம், கூடாரம் ஆகியவையே உரியவை என்றாகிவிட்டது. அவ்வகையுள் இரண்டை இங்கு எடுத்துக்கொண்டு பேசலாம். இரண்டுக்கும் எம்.பி.சி.க்கும் உறவு உண்டு. இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள் உண்டு. முன்னது 2012-ஆம் ஆண்டு ரமழானில் வந்த ‘உமர்’. பின்னது 2025-ஆம் ஆண்டு ரமழானில் வந்த ‘முஆவியா’.

‘உமர்’ தொடரை எழுதியவர் வலீத் ஸைஃப். பாலஸ்தீனத்தில் பிறந்து ஜோர்டான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பித்தவர், கவிஞர். இயக்கியவர் 2020 டிசம்பரில் மறைந்த சிரியாவின் ஹாத்திம் அலீ. இவ்விருவரும் இணைந்து முன்னரே ஸலாஹுத்தீன் அய்யூபியையும் ஸ்பெயினின் உமையா மரபினரையும் பாலஸ்தீனத்தின் பெருந்துயரையும் தொடர்களாக ஆக்கியிருந்தனர். எம்.பி.சி.யும் கத்தார் தொலைக்காட்சியும் கூட்டாகத் தயாரித்த ‘உமர்’ அவர்களுடைய உழைப்பின் உச்சி. இதன் வசனத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தோம். வாக்கியங்கள் நீண்டிருந்தும் மூச்சு முட்டவில்லை. பழஞ்சொற்கள் வருகின்றன, ஆயினும் அகராதியைத் தேட வைப்பதில்லை. குறைஷித் தலைவர்கள் தம்முள் வாதிடும்போது ஒருவர் சொல்லின் முனையை மற்றவர் பிடித்துத் திருப்பும் பாங்கு, பழைய முனாழராக்களை ஓதியவர்க்கு இனிக்கும். பகைவர்க்கும் அறிவைக் கொடுத்து எழுதியிருக்கிறார் ஆசிரியர். அபூஜஹ்லை வெறும் மூடனாகக் காட்டியிருந்தால் அவனை வென்ற மார்க்கத்தின் பெருமையும் அந்த அளவிற்கே சுருங்கியிருக்கும். இதை வலீத் ஸைஃப் உணர்ந்திருந்தார். செவிக்கு அத்தொடர் ஒரு மதரஸா என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

தயக்கம் கண்ணைப் பற்றியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை எவரும் நடித்தலாகாது என்பதில் எக்காலத்தும் கருத்து வேறுபாடில்லை. 1926-இல் எகிப்திய நடிகர் யூஸுஃப் வஹ்பி அவ்வாறு நடிக்கவிருப்பதாகச் செய்தி பரவியபோது அல்-அஸ்ஹர் வெகுண்டெழுந்து தடுத்தது. 1976-இல் முஸ்தஃபா அக்காத் எடுத்த ‘அர்ரிஸாலா’ படத்தில் ஹம்ஸா (ரலி) அவர்கள் காட்டப்பட்டார்களே தவிர, கலீஃபாக்கள் நால்வரும் காட்டப்படவில்லை. அந்தக் கோட்டைத்தான் ‘உமர்’ கடந்தது. யூஸுஃப் அல்-கர்ளாவி, ஸல்மான் அல்-அவ்தா, அலீ அஸ்ஸல்லாபி முதலிய அறிஞர்கள் கதையுரையைச் சரிபார்த்து இசைவளித்தனர். அல்-அஸ்ஹரும் சவூதியின் பெருமுஃப்தியும் கூடாதென்றனர். இருதரப்பிலும் இருந்தவர் சிறியவர் அல்லர். கூடும் என்றோர், இளந்தலைமுறை நூலைத் திறவாத காலத்தில் ஸஹாபாக்களின் வாழ்வு அவர்களை எட்டும் வழி இதுவே என்றனர். கூடாதென்றோர், இன்று கலீஃபாவாக நின்ற முகம் நாளை வேறெதுவாக நிற்கும் என்று வினவினர்.

அவ்வினா வெறும் அச்சமன்று. உமர் (ரலி) அவர்களாக நின்றவர் ஸாமிர் இஸ்மாயீல் என்னும் சிரிய இளைஞர். அவர் வாயசைத்தார், குரலோ அஸ்அத் கலீஃபா என்னும் வேறொருவருடையது. முகம் ஒருவர், குரல் ஒருவர் என்று பிரித்துவைத்ததில் ஒரு கூச்சம் வெளிப்படுவதாகவே நமக்குத் தோன்றிற்று. அபூபக்ர் (ரலி) அவர்களாக நின்ற கஸ்ஸான் மஸ்ஊத், அதற்கு ஏழாண்டுகளுக்கு முன் ஆங்கிலப் படம் ஒன்றில் ஸலாஹுத்தீனாக நின்று உலகறிந்தவர். ஸாமிர் இஸ்மாயீலும் பின்னர் வேறு வேடங்கள் பூண்டார். நடிப்பு அவருடைய தொழில். அவரைக் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் பழைய ஒளிபரப்பில் ஒரு தொடர் முடிந்தால் அதன் முகங்கள் மெல்ல மங்கும். தேடினால் நொடியில் கிடைக்கும் இணையக் களஞ்சியத்திலோ எல்லா முகங்களும் எல்லாக் காலத்தும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சதுரத்தில் கலீஃபா. அடுத்த சதுரத்தில் அதே நெற்றியும் அதே விழியும் வேறோர் ஆளாக. 2012-இல் உலமாக்கள் எழுதிய ஃபத்வாக்கள் இந்த அடுக்குமுறையை நினைத்து எழுதப்பட்டவை அல்ல.

இங்கே நம் உமறுப்புலவர் நினைவுக்கு வருகிறார். அவர் அரபு நாட்டைக் கண்டவரல்லர். மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் தமிழ்நாடாகவே அதைச் சீறாவின் நாட்டுப் படலத்தில் பாடினார். அது பிழையென்று அறிந்தவரும் அதைப் பிழையென்று சொல்வதில்லை. படித்தவன் ஒவ்வொருவனும் தன் மனத்தில் தன் மக்காவைக் கட்டிக்கொண்டான். பாட்டு முகத்தைக் கேட்பவனிடமே விட்டுவிடுகிறது. திரை விட்டுவைப்பதில்லை.

இனி ‘முஆவியா’. 2023 ரமழானுக்கென அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பினால் ஈராண்டு கிடப்பில் கிடந்து, 2025 மார்ச்சில் வெளிவந்தது. துனீசியாவில் எடுக்கப்பட்டது, அரபுத் தொடர்களுள் பெரும்பொருட் செலவில் ஆனவற்றுள் ஒன்று. எழுதியவர் எகிப்தியப் பத்திரிகையாளர் காலித் ஸலாஹ். முஆவியா (ரலி) அவர்களாக நின்றவர் சிரியாவின் லுஜைன் இஸ்மாயீல். அலீ (ரலி) அவர்களாக நின்றவர் ஜோர்டானின் இயாத் நஸ்ஸார். ஈராக்கின் ஊடக ஆணையம், சமயப் பூசல் மூளும் என்று கூறி, அந்நாட்டில் ஒளிபரப்பலாகாதென்றது. அல்-அஸ்ஹர் தன் பழைய நிலையை மறுபடி உரைத்தது. எதிர்ப்பு அத்தனையும் அதற்கு விளம்பரமாயிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தடையைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. படைப்பைப் பற்றிப் பேசுவோம். கருப்பொருளின் கடுமையை முதலில் உணர வேண்டும். உமர் (ரலி) அவர்களின் வாழ்வு ஸுன்னத் வல் ஜமாஅத்தாரிடையே பிணக்கில்லாத வாழ்வு. முஆவியா (ரலி) அவர்களின் வாழ்வோ உஸ்மான் (ரலி) அவர்களின் படுகொலை, 657-இல் ஸிஃப்பீன், நடுவர் தீர்ப்பு, 661-இல் இமாம் ஹஸன் (ரலி) அவர்கள் ஆட்சியை ஒப்படைத்தல், பின்னர் மகனுக்கு உறுதிமொழி வாங்கியது என்று ஒவ்வொரு படியிலும் உம்மத்தின் புண்ணைத் தொட்டுச் செல்வது. ஸஹாபாக்களுக்கிடையே நிகழ்ந்தவற்றில் நாவைக் காத்துக்கொள்வது என்பது நம் முன்னோர் வகுத்த ஒழுக்கம். அவ்வொழுக்கம் அறியாமையினால் வந்ததன்று. எல்லாவற்றையும் படித்தவர்களே அதை வகுத்தார்கள்.

அவர்கள் படித்ததெல்லாம் எங்கே இருக்கிறது? தபரியில் இருக்கிறது, இப்னு கஸீரில் இருக்கிறது. தபரி எவ்வாறு எழுதினார்? ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் அறிவிப்பைத் தருவார். அதன் ஸனதைத் தருவார். அடுத்து அதற்கு முரணான அறிவிப்பை அதன் ஸனதோடு தருவார். தம் நூலில் காதுக்கு ஒவ்வாதது எதுவும் இருப்பின் அது தம்மிடம் அறிவித்தவர்களிடமிருந்து வந்ததே என்ற கருத்தை முகவுரையிலேயே வைத்தும்விட்டார். ஐயத்திற்குரிய செய்தியாயின் ‘கீல’, அதாவது ‘சொல்லப்படுகிறது’ என்று செயப்பாட்டு வினையில் சொல்லிக் கடந்துபோவது நம் ஆசிரியர்களின் மரபு. ஸீகத்துத் தம்ரீழ் என்று அதற்குப் பெயரும் உண்டு. உண்மைக்கும் வதந்திக்கும் நடுவே அவர்கள் ஒரு வினைச்சொல்லை வேலியாக நட்டார்கள்.

ஒளிப்படக் கருவிக்கு ‘கீல’ என்று சொல்லத் தெரியாது. ‘முஆவியா’ தொடரின் அடிப்படைக் குறை இதுவென்பது நம் முடிவு. நடிகரிடமோ செலவிலோ குறையில்லை. ஸிஃப்பீனில் ஈட்டி முனையில் முஸ்ஹஃபு ஏந்தப்பட்ட செய்தியை நூலில் படிப்பவன், யார் அறிவித்தது, அவருடைய நம்பகம் எத்தகையது என்று ஓரக்குறிப்புக்குக் கண்ணை ஓட்டலாம். திரையில் அத்தகைய காட்சி வருமாயின் அது நடந்தே தீர்ந்துவிட்டது. காற்று வீசுகிறது, புழுதி எழுகிறது, குதிரை கனைக்கிறது. பலவீனமான அறிவிப்புக்கும் இத்தனை சாட்சிகள். ‘உமர்’ தொடருக்கும் இக்குறை பொதுவாயினும், அங்கே கதையின் பெரும்பகுதி வலுவான அறிவிப்புகளால் தாங்கப்பட்டது. இங்கே தாங்குவார் இல்லை. எழுதியவர் இதை உணர்ந்தே, ஒருவரையும் நோகடிக்காமல் செல்ல முயன்றிருக்கிறார். விளைவு என்னவெனில், எல்லோரும் நல்லவர், எல்லோரும் வருந்துகிறார்கள். பின் எதற்காகப் போர் மூண்டது என்பது மட்டும் விளங்கவில்லை. மொழியும் அவ்வாறே. வலீத் ஸைஃப் எழுதியது அந்தக் காலத்தை நோக்கி நடந்துசென்ற அரபு. இது காலை நாளிதழின் தலையங்க அரபு. இலக்கணம் உண்டு, வெப்பம் இல்லை. டமாஸ்கஸ் அரண்மனையில் அமைச்சரவைக் கூட்டம் நடப்பதுபோல் இருந்தது சில இடங்களில்.

சாட்சியத்தின் சட்டத்தில் ஒரு விதி உண்டு: தன் சாட்சியத்தால் தனக்கே ஆதாயம் தேடிக்கொள்பவனின் சாட்சியம் ஏற்கப்படாது. எம்.பி.சி.யின் பெரும்பங்கு சவூதி அரசின் உடைமை. 2024 ஜனவரியில் அதன் பங்குகளில் பத்தில் ஒரு பகுதி ரியாதுப் பங்குச்சந்தைக்கு வந்தபோதும் அந்நிலை மாறவில்லை. 2018 மார்ச் மாதத்தில் ஓர் இரவு, ஒளிபரப்பிக்கொண்டிருந்த துருக்கித் தொடர்கள் அத்தனையையும் அந்நிறுவனம் நடுக்கதையில் நிறுத்தியது. அன்று இரு நாட்டுக்கும் பிணக்கு. பிணக்குத் தீர்ந்தபின் அத்தொடர்கள் திரும்பின. முன்னே சொன்ன மறுபடைப்புகளும் துருக்கி மண்ணிலேயே எடுக்கப்பட்டன. காதற்கதைக்கே இந்த நிலையென்றால், கிலாஃபத்தின் கதையில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை வாசகர் எண்ணிக்கொள்வர்.

விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தாக் கட்டுவோரில் பாதிப்பேர் எந்தக் கலீஃபாவையும் பார்க்கக் கட்டுவதில்லை என்றே நினைக்கிறோம். பந்தைப் பார்க்கக் கட்டுகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் வளைகுடாவில் ஓர் அறையில் ஆறுபேராகத் தங்கி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சந்தா வாங்குவதும் பந்துக்காகவே. 2022 டிசம்பர் இறுதியில் கிறிஸ்டியானோ ரொனால்டோ ரியாதின் நஸ்ர் கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டபின், அதுவரை அந்நாட்டுக்கு வெளியே அதிகம் கவனிக்கப்படாத சவூதிக் கால்பந்துத் தொடரை உலகம் திரும்பிப் பார்த்தது. ‘ஷாஹித்’ வழியாக அது நேரலையாக வந்துகொண்டிருந்தது. பின்னர் 2025-26 பருவத்திலிருந்து ஆறு பருவங்களுக்கான உரிமை ‘ஸமானியா’ என்னும் வேறொரு சவூதி நிறுவனத்துக்குப் போயிற்று. ஆண்டுச் சந்தாவை இடையில் கட்டியிருந்த கால்பந்து அன்பன் என்ன செய்வான்? இஜாராவின் பாடத்தில் ‘பயன் அறியப்பட்டதாக இருத்தல் வேண்டும்’ என்னும் நிபந்தனையை விளக்க இதுவரை நாம் வாடகை ஒட்டகத்தையே எடுத்துக்காட்டி வந்தோம். இனி இதையும் காட்டலாம் போலும்.

பந்தின் பொருட்டு இரு முஸ்லிம் அண்டை நாடுகள் செய்ததை நினைத்தால் நகைப்பும் வேதனையும் ஒருங்கே வருகின்றன. கத்தாரின் பீஇன் நிறுவனம், 2003-இல் ‘அல்ஜஸீரா விளையாட்டு’ என்று தொடங்கி 2014-இல் பெயர் மாறியது. அப்பகுதிக்கான பெரும்போட்டிகளின் உரிமையை அது பொன்கொட்டி வாங்கி வைத்திருந்தது. 2017 ஜூனில் சவூதியும் அதன் நட்பு நாடுகளும் கத்தாரை விலக்கி வைத்தன. சில திங்களில் ‘பீஅவுட்க்யூ’ என்று பெயரிலேயே கேலி தாங்கிய ஒரு திருட்டு ஒளிபரப்புத் தோன்றி, பீஇன் காட்டியதை அப்படியே எடுத்துத் தன் முத்திரையோடு விற்றது. 2020 ஜூனில் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு, சவூதி தன் கடமையில் தவறியதென்று தீர்ப்புரைத்தது. 2021 ஜனவரியில் அல்-உலாவில் சமரசம் கையெழுத்தானது. இதில் நமக்கு வருத்தம் என்னவெனில், 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, நூலுரிமையும் கண்டுபிடிப்புரிமையும் வணிகப்பெயரும் ஷரீஅத்தால் காக்கப்பட்ட உடைமைகள் என்று தெளிவாக முடிவெடுத்திருந்தது. அந்த அகாதமியின் இருப்பிடம் ஜித்தா. மார்க்கத் தீர்ப்புக் கையில் இருக்க, வழக்கோ ஜெனீவாவுக்குப் போயிற்று.

ஆயினும் கால்பந்து வர்ணனையை நாம் பழிக்கமாட்டோம். அதற்கு மாறாக, ஃபுஸ்ஹா உயிரோடு மூச்சுவிடும் இடங்களுள் அதுவும் ஒன்று என்று சொன்னால் நம் தோழர்கள் சிலர் முகஞ்சுளிப்பர். துனீசியாவின் இஸாம் ஷவாலி, அல்ஜீரியாவின் ஹஃபீழ் தர்ராஜி முதலியோர் பேசுவதைச் செவிகொடுத்துக் கேளுங்கள். முழு ஃபுஸ்ஹா அன்று; ஆயினும் மொரோக்கோ முதல் ஈராக் வரை எல்லோர்க்கும் விளங்கும்படி, வழக்கும் செந்தரமும் முடைந்த ஒரு நடை. பந்து நடுக்கோட்டைத் தாண்டும்போது வாக்கியம் குறுகுகிறது. பெட்டிக்குள் புகும்போது எதுகை சேர்கிறது. வலைக்குள் விழும்போது பழைய ஸஜ்உ தானாக வந்து குதிக்கிறது. இஃராபு ஐயமானால் ஈற்றை ஸுகூனில் நிறுத்திவிடு, தப்பித்தாய் என்பதற்கு ‘ஸக்கின் தஸ்லம்’ என்று அரபியர் சொல்வார்கள். அந்தத் தந்திரத்தை வர்ணனையாளர் அளவுக்கு அழகாகக் கையாள்வோர் இன்று எவருமில்லை. வரலாற்றுத் தொடரின் வசனம் பலநாள் திருத்தி எழுதப்படுவது. இதுவோ நாவில் பிறக்கும்போதே காற்றில் கலப்பது. எழுதி வைத்துப் படிக்காத அரபு எவ்வளவு தூரம் இஃராபைத் தாங்கும் என்று அறிய இதைவிடச் சோதனைக்களம் வேறேது?

2022 டிசம்பர் 10-ஆம் நாள், தோஹாவின் துமாமா அரங்கில், 42-ஆம் நிமிடத்தில் யூஸுஃப் அந்-நஸீரி தலையால் முட்டிய பந்து போர்த்துக்கல்லின் வலையில் விழுந்தது. அரபு நாடொன்றும் ஆப்பிரிக்க நாடொன்றும் உலகக் கோப்பையின் அரையிறுதியை அடைந்தது அதுவே முதன்முறை. அக்கோப்பையின் 64 ஆட்டங்களுள் 22-ஐ மட்டும் பீஇன் அப்பகுதியில் இலவசமாகக் காட்டியது, மற்றவை சந்தாவுக்கு. சந்தாக் கட்ட இயலாதவர் தேநீர்க்கடைகளில் நின்று பார்த்தனர். ஒரு குடும்பத்துக்கு ஒரு திரை என்றிருந்த வீடு, ஆளுக்கொரு கைப்பேசி என்றாகிவிட்ட காலத்தில், கட்டணமே மனிதரை மறுபடியும் ஒரு திரையின் முன் கூட்டியது என்பது எவரும் எண்ணாத விளைவு.

ரமழானைப் பற்றி ஒரு சொல். முப்பது நோன்புக்கு முப்பது பகுதி என்று அரபுத் தொடர்கள் அளவெடுத்துத் தைக்கப்பட்டு வந்தன. இஃப்தாருக்குப் பின் தராவீஹுக்குமுன் உள்ள சிறுபொழுதுக்காக நிறுவனங்கள் போட்டியிடுவதையும், அப்போட்டி தராவீஹையே விழுங்குவதையும் உலமாக்கள் கண்டித்து வந்தனர், நியாயமே. சந்தா வந்தபின் முப்பது பகுதி பதினைந்தாகவும் பத்தாகவும் சுருங்கலாயிற்று; எந்த வேளையிலும் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே தராவீஹுக்குத் தொலைக்காட்சி பகையன்று என்று இப்போது வாதிடுகிறார்கள். வேளை விடுதலையானது உண்மை. ஸஹருக்கு எழ வேண்டியவர் ஸஹர்வரை விழித்திருந்து எல்லாப் பகுதிகளையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, ஃபஜ்ருக்கு நிற்கையில் கண் சொருகுவதும் உண்மை.

சென்ற ஆண்டு ஹதீஸ் பாட வேளையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி நிறுத்துவோம். இறுதி வகுப்பு மாணவர் ஒருவர், கூரிய அறிவினர், ‘உமர்’ தொடரைக் கேட்டே தம் அரபுப் பேச்சைத் திருத்திக்கொண்டவர், அதை நாமே பாராட்டியும் இருக்கிறோம். அன்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்றை ஓதத் தொடங்கி, பெயரைச் சொன்னவுடன் நிறுத்திவிட்டார். காரணம் கேட்டோம். “உஸ்தாத், பெயரை ஓதினாலே அந்த நடிகருடைய முகம் வந்து நிற்கிறது. அதற்குமுன் எனக்கு எந்த முகமும் இல்லாமல் இருந்தது. அதைத் திரும்பப் பெற வழியுண்டா?” என்றார். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு இருவர் தலையைக் குனிந்துகொண்டனர். அவர்களுக்கும் அந்த முகம் வந்ததோ என்னவோ. நாமும் அத்தொடரை முழுதும் பார்த்திருந்தோம். ஸனதை முதலிலிருந்து மறுபடி ஓதச் சொன்னோம்.